ஒய் குரோமோசோம் எஸ்என்பி: பெண் டிஎன்ஏவிலும் பேண்ட் வருது, ஏன்?

தரமணி_லேப்:
காசிமேட்டிலிருந்து கோவளம் வரை மீனவர் குடும்பங்களில் எடுத்த சாம்பிள். எம்20 மார்க்கர் பாசிட்டிவ் ஆனவற்றை, அதாவது ஹாப்லோகுரூப் எல்-ஐ (தகப்பன் வழி ஒய் மரத்தில் ஒரு கிளை), கீழ்க்கிளைகளாகப் பிரிக்கப் புது எஸ்என்பி (டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறும் இடம்) தேடுகிறோம். 6 பேருக்கு 30எக்ஸ் ஹோல் ஜீனோம் (ஒவ்வொரு இடமும் சராசரியாக 30 முறை படித்த முழு டிஎன்ஏ) இருக்கு. அதில் கிடைத்த ஒன்றுக்கு பிரைமர் (அந்த இடத்தைப் பிசிஆரில் பெருக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) போட்டால், ஒய் இல்லாத பெண் கண்ட்ரோலிலும் ஜெல்லில் பேண்ட். சாங்கர் சீக்வென்சிங்கில் அதே இடத்தில் இரட்டைப் பீக் (இரண்டு எழுத்து ஒன்றாக). கன்டாமினேஷனா?

ஜெல்_டிரே:
தண்ணீர் பிளாங்க் (டிஎன்ஏ போடாத டியூப்) சுத்தமா இருக்கா? அப்படின்னா பிரைமர் எக்ஸ்-லயும் ஒட்டுதுன்னுதான் முதல்ல சந்தேகப்படணும். ஒய்-ல எக்ஸ்-டிரான்ஸ்போஸ்டு பகுதி (எக்ஸ்-லேர்ந்து காப்பி ஆகி வந்த துண்டு) எக்ஸ் கூட சுமார் 99% ஒத்துப்போகும். பாலிண்ட்ரோம் பகுதி (ஒரே வரிசை கண்ணாடி பிம்பம் மாதிரி ரெண்டு தடவை வர்றது) இன்னும் மோசம். காப்பி ரெண்டும் ஒய்-க்குள்ளயே இருக்கறதால பெண் கண்ட்ரோல்ல ஒண்ணும் தெரியாது, சாங்கர் இரட்டைப் பீக்தான் காட்டிக்கொடுக்கும். பி25-ங்கற மார்க்கருக்கு ஒய்-லயே மூணு காப்பி; ஜீன் கன்வர்ஷன்ல (ஒரு காப்பி இன்னொண்ணு மேல எழுதிடறது) பழைய எழுத்துக்கே திரும்பிடும். அந்த மாதிரி மார்க்கரை நம்பி கிளை பிரிக்காதீங்க.

எக்ஸ்-டிஜெனரேட் பகுதியில (எக்ஸ்-லேர்ந்து ரொம்ப காலம் முன்னாடியே விலகிப்போன பகுதி) தேடுங்க. ஷார்ட் ரீடுக்கு ஒய்-ல நம்பகமா கிடைக்கறது ஏறக்குறைய 1 கோடி பேஸ்தான். ஆணுக்கு ஒய் ஒரே காப்பிங்கறதால, 30எக்ஸ்னா ஒய்-க்கு சுமார் 15 டெப்த் வரும். 30-ஐ நெருங்குற இடம்னா ரெண்டு காப்பி ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு, தூக்கிடுங்க. ஹாப்ளாய்டா (ஒரு இடத்துக்கு ஒரே எழுத்துன்னு) கால் பண்ணுங்க. ரீடுகள்ல ரெண்டு எழுத்தும் கலந்து வந்தா அந்த இடமும் வேண்டாம். பிரைமரோட 3' முனை, எக்ஸ்-ல வேற எழுத்து இருக்கிற பேஸ்ல முடியணும். பிராடக்ட் 300–500 பேஸ் போதும். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி பிளாட்ல (BLAT, வரிசை ஜீனோம்ல எங்கெல்லாம் ஒட்டுதுன்னு தேடற டூல்) ஓட்டிப் பாருங்க.

மரக்கிளை:
அந்த 6 பேரை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க? பங்காளிகள்னா ஒரே ஒய்-ஐத்தான் திரும்பத் திரும்பப் படிக்கறீங்க. மாமன் மச்சான் பரவாயில்ல, ஒய் பெரும்பாலும் வேறயா இருக்கும். தகப்பன் வழியில மூணு தலைமுறை கேட்டு, 17 எஸ்டிஆர் (திரும்பத் திரும்ப வர்ற குட்டி வரிசை, எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும்) போட்டு, ரொம்ப விலகி நிக்கறவங்களை மட்டும் சீக்வென்சிங்குக்கு அனுப்புங்க.

இன்னொண்ணு: இந்த 6 பேர்ல கண்டுபிடிச்ச எஸ்என்பியை வச்சு வேற சமூகத்தோட பன்மையை அளக்காதீங்க, அங்க மட்டும் இருக்கிற கிளை கண்ணுலயே படாது. காலம் கணிக்க முழு சீக்வென்ஸ் வேணும். 1 கோடி பேஸ்ல ஒரு மியூட்டேஷனுக்கு ஏறத்தாழ 130 வருஷம்.

ஜெல்_டிரே:
ஆண் சாம்பிளான்னு சரிபார்க்க அமலோஜெனின் (எக்ஸ், ஒய் ரெண்டுலயும் இருக்கிற ஜீனை வச்சுப் பாக்குற டெஸ்ட்) மட்டும் போதாது. நம்மூர் ஆண்கள் சிலருக்கு ஒய்-ல இருக்கிற அந்தத் துண்டே டிலீட் ஆகியிருக்கும், ரிசல்ட் பெண்ணுன்னு வரும். ஒய்-ல மட்டும் இருக்கிற எஸ்ஆர்ஒய் ஜீனுக்கான பிரைமரும் சேர்த்துப் போடுங்க.