வைஃபை டிரைவ் போனில் தெரியவில்லை, நாளை காலைக்குள் கார்டைக் காலி செய்யணும்

மார்த்தாண்டம் படப்பெட்டி (இரவு 8.40)
அண்ணன்மாரே, அவசரம். கருங்கல் பக்கம் கோயிலில் இன்று ஒரு கல்யாணம் எடுத்தேன். நாளை காலை 7 மணிக்குத் திருவட்டாறில் இன்னொன்று. கையில் இருப்பது ஒரே ஒரு 128 ஜிபி கார்டு. லேப்டாப் ஆல்பம் வேலைக்குப் போயிருக்கிறது.

போன மாதம் பழையதாக ஒரு 1 டிபி வைஃபை ஹார்டு டிஸ்க் வாங்கினேன். சொந்த பேட்டரி உண்டு, கார்டு சொருக இடம் உண்டு. பட்டனை அழுத்தினால் கார்டில் உள்ளதைத் தானே இழுத்துக்கொள்ளும். அழுத்தினேன், ரொம்ப நேரம் மினுங்கிவிட்டு நின்றது. ஏறியதா என்று போனில் பார்த்துவிட்டுக் கார்டை ஃபார்மேட் செய்யலாம் என்றால், ஆப் 'சாதனம் கிடைக்கவில்லை' என்கிறது. டிரைவின் வைஃபை பெயர் வருகிறது, இணைகிறது, பத்து வினாடியில் கழன்றுகொள்கிறது. மச்சானின் ஐபோனில் கழலவில்லை, ஆனால் அதிலும் ஆப் டிரைவைக் காட்டவில்லை. டிஸ்க் போச்சா?

குளச்சல் பையன்
கடல் காற்றுதான் மக்கா. எங்க ஊரில் சார்ஜர் பின் ஆறு மாதத்தில் பச்சை பிடிக்கும். பெயின்ட் பிரஷால் துடைத்துப் பாருங்க.

வடசேரி சர்வீஸ்
துடைப்பது நல்லதுதான், ஆனால் இது அந்த நோய் இல்லை. வைஃபை பெயர் வருகிறது என்றால் டிரைவுக்கு உயிர் இருக்கிறது. கழற்றுவது உங்கள் போன். அந்த வைஃபையில் இன்டர்நெட் கிடையாது, டிரைவ் தன்னந்தனியாகப் போடும் பந்தல் அது. ஆண்ட்ராய்டு 'இதில் நெட் இல்லையே' என்று மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அப்புறம் ஆப் டிரைவை எங்கே போய்த் தேடும்?

மொபைல் டேட்டாவை அணையுங்க, விபிஎன் இருந்தால் அதையும். மறுபடி இணைக்கும்போது 'இன்டர்நெட் இல்லை, இணைப்பிலேயே இருக்கவா' என்று கேட்டால் ஆம் கொடுங்க. ஆப்புக்கு லொக்கேஷன் அனுமதியும் கொடுத்து வையுங்க. ஐபோனில் அமைப்புகளுக்குள் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி அணைந்திருக்கும், ஐஓஎஸ் 14-லிருந்து வந்த தொல்லை அது.

அப்படியும் வராவிட்டால் ஆப்பை விட்டுத்தள்ளுங்க, பழைய ஆப்கள் புது ஆண்ட்ராய்டில் படுத்துவிடும். வைஃபை விவரத்தில் 'கேட்வே' என்று ஒரு எண் இருக்கும், அதுதான் அங்கே டிரைவின் முகவரி. அதை அப்படியே பிரவுசரில் அடித்துப் பாருங்க.

மார்த்தாண்டம் படப்பெட்டி (9.25)
கேட்வே எண்தான் கை கொடுத்தது அண்ணே! ஃபோல்டர் எல்லாம் தெரிகிறது. ஃபார்மேட் போடட்டுமா?

ஆற்றூர் 4கே
பொறுங்க, பொறுங்க. கார்டில் எத்தனை கிளிப், டிரைவில் எத்தனை? எண்ணினீங்களா?

மார்த்தாண்டம் படப்பெட்டி (9.41)
கார்டில் 61. டிரைவில் 60. தாலி கட்டு கிளிப் இல்லை. கை நடுங்குது. கேமராவில் போட்டுப் பார்த்தேன், கார்டில் நன்றாக ஓடுகிறது. 7 நிமிடம், 5.2 ஜிபி.

ஆற்றூர் 4கே
நினைத்தேன். டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட் முறையில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில் வருவதால் கேமரா பெரிய கிளிப்பை உடைக்காமல் ஒரே துண்டாக எழுதும். 100 எம்பிபிஎஸ்-ல் (வினாடிக்கு 100 மெகாபிட்) 4கே எடுத்தால் ஐந்தே முக்கால் நிமிடத்தில் 4 ஜிபி ஆகிவிடும். சின்ன கிளிப் எல்லாம் ஏறிவிட்டது, நிறுத்தாமல் எடுத்த தாலி கட்டு மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது. மினுங்குவது நின்றதை 'முடிந்தது' என்று நம்பினால் இதுதான் கதி.

வடசேரி சர்வீஸ்
டிரைவை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் சரியாகும், ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பது முழுக்கப் போகும். உங்க டிரைவ் எக்ஸ்ஃபேட்டைப் படிக்குமா என்று முதலில் அதன் கையேட்டில் பாருங்க. இன்று ராத்திரி அதைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. அந்த வைஃபைக்குப் பாஸ்வேர்டு போட்டீங்களா? போடாவிட்டால் மண்டபத்தில் பந்தியில் இருப்பவன்கூட மணப்பெண் வீட்டுப் படத்தை எல்லாம் பார்க்கலாம்.

மார்த்தாண்டம் படப்பெட்டி (9.58)
போடவில்லை. இப்போ போட்டுட்டேன். ஆனால் காலைக்குக் கார்டுக்கு எங்கே போவேன்? கடை எல்லாம் அடைத்தாச்சு.

ஆற்றூர் 4கே
திருவட்டாறுக்கு எங்க ஊர் வழியாகத்தானே போகணும்? 64 ஜிபி ஒன்று சும்மா கிடக்கு. ஆறேகாலுக்கு ஜங்ஷனில் நிற்கிறேன். கிளிப்பை அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை வெட்டி வெட்டி எடுங்க, ஆனால் தாலி கட்டும் நேரத்தில் வெட்டிவிடாதீங்க.

மார்த்தாண்டம் படப்பெட்டி (மறுநாள் காலை 6.22)
வாங்கிட்டேன் அண்ணே. பழைய கார்டு பர்ஸுக்குள்ள, துண்டுப் பேப்பரில் 'தொடாதே' என்று எழுதிச் சுற்றி வைத்திருக்கேன். லேப்டாப் வந்ததும் முதல் வேலை அந்தத் தாலி கட்டுதான்.