நாற்பதைத் தொட்ட நண்பர்களுக்கு டேபிள்டாப் ஆர்பிஜி: எப்படித் தொடங்குவது?

கேள்வி (வேளச்சேரி):
வணக்கம். கேரம், ரம்மிக்கு அப்பால் எதையும் ஆடியிராத கல்லூரி நண்பர்கள் நால்வருக்கு டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நகர்த்தும் பகடை ஆட்டம்) வகையைச் சேர்ந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ (டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்பை அறிமுகப்படுத்த முயல்கிறேன். சென்ற ஞாயிறு கேரக்டர் ஷீட்டை (பாத்திரத்தின் விவரத் தாள்) நிரப்பத் தொடங்கி, ரேஸ் (இனம்), கிளாஸ் (தொழில்வகை), ஆறு திறன்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தபோதே இருவர் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள். வங்கி மேலாளரான இன்னொருவர், “இந்த வயசுல என்னை நடிக்கச் சொல்லாதேடா” என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மறுபடி கூடும்போது எதை மாற்றலாம்?

பதில் (அண்ணா நகர்):
ஷீட்டை நீங்களே நிரப்பிக் கொண்டுபோய்விடுங்கள். அதற்கு வேண்டிய அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் நாளுக்கு ஒரே விதி போதும்: இருபது பக்கப் பகடையை உருட்டி, ஷீட்டில் அந்தச் செயலுக்குரிய எண்ணைக் கூட்டினால், நடுத்தரமான வேலைக்கு 15 வர வேண்டும். பூட்டுத் திறப்பதில் +5 வைத்திருக்கும் திருடன் பாத்திரத்துக்குப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும், அதாவது 55 சதவீத வாய்ப்பு. வங்கிக்காரருக்கு இந்தக் கணக்கு நிச்சயம் பிடிக்கும்.

பதில் (திருவான்மியூர்):
நடிப்பு கட்டாயமே இல்லை. “என் ஆள் காவலாளியிடம் நைச்சியமாகப் பேசி உள்ளே போகப் பார்க்கிறான்” என்று படர்க்கையில் சொன்னாலே அது முறையான ஆட்டம்தான். முன்கதையை நீட்டாமல், பாரிமுனையில் மழை இரவு, கரண்ட் போன சந்து, வெளியே பூட்டிய கிடங்குக்குள் யாரோ தும்முகிறார்கள் என்று நிறுத்திவிட்டு, ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, “என்ன செய்கிறீர்கள்?” என்று கேளுங்கள். பகடை காலை வாரினால் “ஒன்றும் நடக்கவில்லை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பூட்டு திறக்கட்டும், ஆனால் அந்தச் சத்தத்தில் காவலாளி விழித்துக்கொள்ளட்டும்.

பதில் (தாம்பரம்):
எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. 1974இல் போர் விளையாட்டுகளின் வழியில் வந்ததாலோ என்னவோ, டி அண்ட் டியில் சண்டை விதிகளே பக்கம் பக்கமாக நீளும். ஜான் ஹார்ப்பரின் ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’ ஆட்டத்தின் விதிகள் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். 2 முதல் 5 வரை ஓர் எண்ணைத் தேர்ந்துகொண்டு சாதாரணப் பகடையை உருட்டினால், அறிவால் செய்யும் வேலைக்கு அதைவிடக் குறைவாகவும், உணர்வால் செய்யும் வேலைக்கு அதைவிடக் கூடுதலாகவும் விழ வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. டி அண்ட் டியையே இன்னொரு முறை முயல்கிறேன், கிடங்கையும் எடுத்துக்கொள்கிறேன். வங்கிக்காரருக்குத் திருடன் ஷீட்டைக் கொடுக்கலாமா?

பதில் (அண்ணா நகர்):
கொடுக்காதீர்கள். எல்லா ஷீட்டுகளையும் மேசையில் பரப்பிவைத்து, முதலில் அவரை எடுக்கச் சொல்லுங்கள்.