பாவரொட்டிக்கு அப்பா கற்றுக்கொடுத்தது எவ்வளவு?

ஞாயிறு_ஆல்டோ: 1978-ல் இத்தாலியின் மொதெனா பேராலயத்தில் ஓபரா (இசை நாடக) பாடகர் பாவரொட்டியும் அவருடைய அப்பாவும் சேர்ந்து ‘பானிஸ் ஆஞ்செலிகுஸ்’ என்ற லத்தீன் பக்திப் பாடலைப் பாடும் வீடியோவை நேற்று பார்த்தேன். அப்பா ரொட்டி சுடுபவராம்! வீட்டில் கேட்டுப் பாடியே மகன் ஓபராவுக்குப் போனாரா, இல்லை முறையாகப் படித்தாரா?

இரவு_ரசிகன்: தொடக்கம் வீடுதான். அப்பா ஃபெர்னாண்டோவிடம் இருந்த இசைத்தட்டுகளில் கரூசோ, ஜில்லி, ஸ்கீப்பா போன்ற அந்தக் கால ஓபரா பாடகர்களை எல்லாம் கேட்டு வளர்ந்தவர். அப்பாவுக்கு மேடை என்றால் படபடப்பு, அதனால்தான் பாட்டைத் தொழிலாக எடுக்கவில்லை.

பழைய_டெனர்: இரண்டும்தான். ஆனால் படித்த பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு மனசு ஆறாது. 1955-ல் வேல்ஸில் நடந்த லாங்கோலன் இசை விழாவில் அப்பாவும் மகனும் இருந்த ஊர்ப் பாடகர் குழு முதல் பரிசு வாங்கியது. பாட்டுதான் தொழில் என்று மகன் உறுதியானது அங்கேதான். அப்பா அரை மனதோடு சம்மதித்தார்: முப்பது வயது வரை சோறும் இடமும் உண்டு, அதற்குள் வரவில்லை என்றால் உன் பிழைப்பை நீ பார்த்துக்கொள்.

அர்ரிகோ போலா என்ற டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) பாடகர் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். மாதக்கணக்கில் பாட்டே கிடையாது. ஆ, ஏ, ஈ, ஓ, ஊ என்று உயிரொலிகள் மட்டும், ஸ்வரம் ஸ்வரமாக மேலே ஏற்றி. நான் ஒரு ஈஸ்டருக்கு முன்னால் மேல் ஸ்வரத்தை வலுவில் பிடிக்கப் போய் இரண்டு வாரம் தொண்டை கட்டிக் கிடந்தவன். அந்த உயிரொலிகளின் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

போலா ஜப்பானுக்குப் போனதும் பாவரொட்டி மாந்துவா நகரில் கம்போகல்லியானி என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். நடுவில் பள்ளி ஆசிரியர் வேலை, அப்புறம் இன்ஷூரன்ஸ் விற்பனை. 1961 ஏப்ரல் 29-ல் ரெஜ்ஜோ எமிலியாவில் ‘லா போஹேம்’ ஓபராவின் நாயகன் ரொடோல்ஃபோவாக மேடை ஏறியபோது வயது 25.

ஞாயிறு_ஆல்டோ: அதோடு படிப்பு முடிந்ததா?

பழைய_டெனர்: இல்லை. 1965-ல் ஓபரா பாடகி ஜோன் ஸதர்லாண்டுடன் ஆஸ்திரேலியா போனபோது, மூச்சு எங்கே தாங்குகிறது என்று அந்தப் பாடகியின் விலாவுக்குக் கீழே கை வைத்துப் பார்த்துக் கற்றார். ஏழு வருஷம் கழித்து நியூயார்க் மெட்ரோபொலிட்டன் ஓபரா அரங்கில் ஒரே பாட்டில், டெனர் குரலின் உச்ச ஸ்வரமான மேல் ‘சி’யை ஒன்பது முறை பிடித்தார்.

அந்த வீடியோவை மறுபடி ஹெட்போனில் கேளுங்கள். அப்பாவுக்கு அப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. குரல் இன்னும் பளிச்சென்று இருக்கும்.