தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வந்துவிடுகிறாள், அவளுடைய ரெக்கார்டு வருகிறதா?

(பேசுகிறவர்கள் ஐவர்; ஆற்றுப் பெயர்கள் அவர்களுடைய புனைபெயர்கள்.)

வெண்ணாறு:
தனியார் கிளினிக், லேப், ஸ்கேன் சென்டர் எல்லாம் ஆபா எண் (ஒருவருடைய மருத்துவப் பதிவுகளை இணைக்கும் தேசிய சுகாதாரக் கணக்கு எண்) வழியாக நோயாளியின் பதிவுகளைப் பகிர வேண்டுமா, அவரவர் பைலோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள். பகிர வேண்டும் என்பது என் கட்சி. பிரசவ வார்டில் இருந்தே காரணம் சொல்கிறேன்.

நம் பக்கம் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீடு வந்துவிடுவாள். அதுவரை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் திருப்பூரிலோ சென்னையிலோ நடந்திருக்கும். அவள் நெகட்டிவ் ரத்த வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் பிள்ளையின் ரத்தத்துக்கு எதிராக அவள் உடம்பு கிளம்பாமல் தடுக்க, 28ஆவது வாரத்தில் அங்கே ஆன்டி-டி என்ற ஊசி 300 மைக்ரோகிராம் போட்டிருப்பார்கள். இங்கே வந்த பிறகு தாயின் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று காட்டும் இன்டைரக்ட் கூம்ப்ஸ் சோதனை பார்த்தால் பாசிட்டிவ் வரலாம். தெரிவது போட்ட ஊசியின் எதிர்ப்பொருள்தான். ஊசி போட்ட தேதி கையில் இல்லாதவர், தாயின் உடம்பே குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகக் கிளம்பிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார். அந்த முடிவுக்கு வந்துவிட்டால், பிள்ளை பாசிட்டிவ் ரத்த வகையோடு பிறந்து 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய அடுத்த ஊசி விட்டுப்போகும். அடி வாங்குவது அடுத்த பிள்ளை.

பிரசவத் தேதிக்கும் இதே கதிதான். முதல் மூன்று மாத ஸ்கேனில் கணக்கிட்ட தேதிதான் நம்பத் தகுந்தது. அது இல்லாமல் 32 வாரத்தில் புதிதாக ஸ்கேன் எடுத்துக் கணக்குப் போட்டால் இரண்டு மூன்று வாரம் தவறலாம். வலி எடுக்கவில்லையே என்று காத்திருப்பதா, மருந்து கொடுத்து வலியை வரவழைப்பதா என்பதை இந்தத் தேதியை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.

குடமுருட்டி:
வெண்ணாறு மேடம், நீங்கள் சொன்ன ஆபத்து உண்மை. நீங்கள் சொல்லும் தீர்வுதான் தவறு. அந்த ஊசித் தேதி தாய் சேய் அட்டையில் ஒரே வரி. சிவப்பு மையில் எழுதிக் கையில் கொடுத்தால் போதும். தமிழ்நாட்டின் கர்ப்பிணிப் பதிவான பிக்மியில் 12 இலக்க எண் ஏற்கெனவே இருக்கிறது, பிறப்புச் சான்றிதழ் வரை அது தேவைப்படுகிறது. இன்னொரு எண் எதற்கு?

சட்டமும் நம் கையில் இருக்கிறது. 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் கேட்பதில்லை. முதலில் இதை நடைமுறைப்படுத்துவோம்.

என் பெரிய கவலை வேறு. ஆபாவில் சம்மதம் கேட்கும் ஓடிபி யார் போனுக்குப் போகிறது? கணவனுடையது, இல்லாவிட்டால் மாமனாருடையது. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் எச்ஐவி பரிசோதனை செய்கிறோம். கல்யாணத்துக்கு முன் நடந்த கருக்கலைப்பு பழைய டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இருக்கும். 2017 எச்ஐவி சட்டப்படி சம்மதம் இல்லாமல் அந்தத் தகவலை வெளியே விடக் கூடாது. ஆனால் சம்மதம் கேட்கும் செய்தியே அடுத்தவர் கையில் போய் நின்றால், சட்டம் எங்கே காப்பாற்றும்? நம் கிராமத்தில் தெருவுக்கு ஒரு வாய் போதும்.

அரசலாறு:
இரண்டு பேரும் சொன்னதில் சில விஷயங்களை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால், 2020 ஆகஸ்டில் ஆறு யூனியன் பிரதேசங்களில் நடந்த முன்னோட்டத்திலேயே இந்தத் திட்டம் எங்களுக்கு வந்துவிட்டது. நாடு முழுவதும் விரிந்தது 2021 செப்டம்பர் 27இல்.

கவுன்ட்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்தால் ரெக்கார்டு எல்லாம் போய்விடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். போவது பெயர், வயது, பாலினம், முகவரி, போன் எண், ஆபா எண் போன்ற அடையாள விவரங்கள்தான். டோக்கன் போடத்தான் அது. மருத்துவப் பதிவு போக வேண்டுமென்றால் பதிவை வைத்திருக்கும் மருத்துவமனை முதலில் அதை ஆபாவோடு இணைத்திருக்க வேண்டும். பிறகு கேட்கும் மருத்துவமனை கோரிக்கை அனுப்ப வேண்டும். எந்த வகைப் பதிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எதற்காக, எப்போது அழிக்க வேண்டும் என்ற நான்கும் அந்தக் கோரிக்கையில் இருக்கும். நோயாளி அதைக் குறைக்கலாம், மறுக்கலாம், கொடுத்த பிறகும் திரும்பப் பெறலாம். பதிவு ஒரே கிடங்கில் சேர்வதில்லை. அந்தந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது, கேட்கும்போது பூட்டி அனுப்பப்படுகிறது.

ஓடிபிக்கும் வழி உண்டு. ஆபா உருவாக்கும்போது ஆதாரோடு இணைந்த எண்ணையே தர வேண்டும் என்று கட்டாயமில்லை, தொடர்புக்கு வேறு எண் தரலாம். அதற்குத் தனியாக ஓடிபி வரும். போனே இல்லாதவருக்கு ஆஸ்பத்திரியில் கைரேகை வைத்து உருவாக்கலாம்.

குடமுருட்டி:
உருவாக்கலாம், சரி. சம்மதம் கொடுக்க? அதற்கு ஆப் வேண்டும், ஆப்புக்குப் போன் வேண்டும். பெண்ணுக்குச் சொந்தப் போன் இல்லாத வீட்டில் சுற்றிச் சுற்றி அதே கையில்தான் போய் நிற்கும்.

“எப்போது அழிக்க வேண்டும்” என்று ஒரு தேதி இருப்பதும் நல்லதுதான். ஆனால் டாக்டர் பிரின்ட் எடுத்துப் பைலில் வைத்துவிட்டால் எந்தத் தேதி அதை அழிக்கும்? ஒரே கடவுச்சொல்லை நாலு பேர் போட்டுத் திறக்கிற கம்ப்யூட்டர் நம் சின்ன கிளினிக்குகளில் இல்லையா? 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர் இருக்கிற இடத்தில் இந்தப் பாரத்தை யார் தூக்குவது?

ஓடம்போக்கி:
லேப் பக்கத்திலிருந்து ஒருவர். நான் பகிர்வுக்கு ஆதரவுதான். ஆனால் குடமுருட்டி டாக்டர் பயப்படுகிற இடத்தை விட மோசமான இடம் வேறொன்று இருக்கிறது. ஆள் மாறிப்போவது.

பெரும்பாலான லேப் மென்பொருளில் நோயாளியைத் தேடுவது போன் எண்ணை வைத்து. மகன் எண்ணில் அம்மா, மனைவி, தங்கை மூவரும் பதிவாகியிருப்பார்கள். இணைக்கும்போது பட்டியலில் முதலில் வந்த பெயரைத் தட்டிவிட்டால், மாமியாரின் ரத்த வகை மருமகள் ஆபாவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பெயரை வைத்துப் பிரிக்கலாமென்றால் நம் பெயர்கள் விடாது. இனிஷியல் முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில். மென்பொருள் “கடைசிப் பெயர்” கேட்கும், ஒருவர் எஸ் என்று போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை முழுசாகப் போடுவார். கல்யாணம் ஆனால் பெண்ணுக்கு இனிஷியலே மாறும், ஆதாரில் பழையது நிற்கும். கலைச்செல்வி என்று தமிழில் ஒரே பெயர், ஆங்கிலத்தில் நாலு விதம். பெரியவர்களுக்குப் பிறந்த தேதி தெரியாது, ஆதாரில் வருஷம் மட்டும் இருக்கும், மென்பொருள் ஜனவரி 1 என்று நிரப்பிக்கொள்ளும்.

அதனால் எங்கள் தொழிலில் செய்ய வேண்டியது இதுதான். பதிவு போடும்போதே ஆபா க்யூஆரை ஸ்கேன் செய்து அந்த எண்ணையே அடையாளமாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாதவருக்குப் பெயர், பிறந்த வருஷம், அப்பா அல்லது கணவர் பெயர் மூன்றையும் வாய்விட்டுக் கேட்டு, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். “நீங்கதானே கலைச்செல்வி?” என்று கேட்கக் கூடாது. “உங்க பேர் என்ன?” என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்குக் கூட்டத்தில் யாரும் தலையாட்டுவார்கள். ட்யூபில் பார்கோடு ரத்தம் எடுத்த இடத்திலேயே, நோயாளி எதிரிலேயே ஒட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் இணைக்காமல் பேப்பரில் கொடுத்துவிடுங்கள். இணைக்காத ரிப்போர்ட்டால் ஒரு டெஸ்ட் திரும்ப எடுப்பார்கள். தப்பாக இணைத்தால் தப்பான ரத்தம் ஏறும்.

பாமணி:
மருந்துக்கடையில் இருந்து பார்த்தால் தாய் சேய் அட்டை மாதிரி மற்ற நோய்களுக்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் குறை. குடமுருட்டி டாக்டர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நடவு வேலைக்குப் போகிற ஐம்பத்தைந்து வயது அம்மா. சர்க்கரைக்கு மெட்பார்மின் அரசு மருத்துவமனையில் வாங்குகிறார். இடுப்பு வலிக்குப் பக்கத்து கிளினிக்கில் டைக்ளோபெனாக் ஊசி. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் சோதனையை ஒரு வருஷத்தில் மூன்று லேபில் எடுத்திருக்கிறார்: 1.1, 1.5, 2.0. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்கிறவர் “கொஞ்சம் கூடத்தான், தண்ணி நிறையக் குடிங்க” என்று அனுப்பிவிடுவார். மூன்றையும் வரிசையில் வைத்தால்தான் சிறுநீரகம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று தெரியும். வடிகட்டும் அளவு, அதாவது இஜிஎஃப்ஆர், 45க்குக் கீழே போனால் மெட்பார்மினைக் குறைக்க வேண்டும், 30க்குக் கீழே நிறுத்த வேண்டும். 2.0 என்றால் அந்த வயதுப் பெண்ணுக்கு 30ஐ ஒட்டி வந்துவிட்டது. சிறுநீரகத்துக்கு ஆகாத அந்த வலி ஊசி இதற்கு முன்பே நின்றிருக்க வேண்டும். இந்த மூன்று எண்ணையும் எந்த அட்டையில் எழுதுவது? எழுதினாலும் மழையில் நனைந்துவிடும்.

குடமுருட்டி:
பாமணி அண்ணே, இதற்கு அட்டை பதில் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓடம்போக்கியிடம் ஒரு கேள்வி. அந்த மூன்று எண்ணும் உண்மையிலேயே வரிசையில் வந்து நிற்குமா?

ஓடம்போக்கி:
சரியான கேள்வி. பல இடங்களில் நிற்காது. ரிப்போர்ட்டைப் பிடிஎஃப் ஆக்கி, ஃபயர் (FHIR) என்ற தகவல் பரிமாற்றத் தரத்தின் உறைக்குள் போட்டு அனுப்பினாலும் “இணைத்தாயிற்று” என்று கணக்கில் வந்துவிடும். வாங்குகிற டாக்டருக்கு மூன்று படங்கள் கிடைக்கும், திறந்து திறந்து பார்க்க வேண்டும். எண் எண்ணாகப் போக வேண்டும். லேப் சோதனைகளுக்கு லாயிங்க் (LOINC) என்ற பொதுக் குறியீடு உண்டு: சீரம் கிரியாட்டினினுக்கு 2160-0, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சிக்கு 4548-4. குறியீடு, மதிப்பு, அலகு, இயல்பு வரம்பு, எடுத்த தேதி, நேரம் இத்தனையும் தனித்தனிக் கட்டத்தில் போனால்தான் கோடு வரையலாம். எந்த முறையில் பார்த்தது என்பதும் வேண்டும். கிரியாட்டினின் பார்க்கும் ஜாஃபே முறைக்கும் என்சைமேட்டிக் முறைக்கும் சின்ன வித்தியாசம் உண்டு, 1.1க்கும் 1.3க்கும் நடுவே அந்த வித்தியாசமே ஒளிந்திருக்கும்.

2023 ஜனவரியில் தொடங்கிய ஊக்கத்தொகைத் திட்டம் எத்தனை பதிவு இணைத்தோம் என்று எண்ணிப் பணம் தருவதாகவே அமைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பிடிஎஃபும் ஒன்று, முழு விவரமும் ஒன்று. எனக்கு இது பெரிய வருத்தம்.

இன்னொன்று, ரிப்போர்ட்டைத் திருத்தினால் திருத்தியதை “அமென்டட்” என்று நிலை மாற்றி மறுபடி அனுப்ப வேண்டும். பேப்பரை மாற்றிக் கொடுத்துவிட்டு இதை மறந்தால் பழைய தப்பு எண் ஆபாவில் அப்படியே நிற்கும்.

வெண்ணாறு:
பேப்பரே போதும் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆனால் பேப்பரை விட்டுவிடவும் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் கிடையாது, டவர் கிடையாது. அறுவடையில் பாம்பு கடித்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புகிறோம் என்றால், மயங்கிக் கிடப்பவர் பின் நம்பர் போட மாட்டார். கடித்த நேரம், ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிட உறைதல் சோதனையின் முடிவு, பார்த்த நேரம், விஷமுறிவு மருந்தான ஏஎஸ்வி எத்தனை குப்பி, எப்போது ஏறி முடிந்தது, ஒவ்வாமை வந்ததா, அட்ரினலின் போட்டோமா என்று எல்லாம் சீட்டில் எழுதி 108 ஊழியர் கையில் கொடுத்தாக வேண்டும். ஏஎஸ்வி முடிந்து ஆறு மணி நேரம் கழித்து மறு சோதனை. ஏறி முடிந்த நேரம் தெரியாவிட்டால் அந்த ஆறு மணியை எங்கிருந்து எண்ணுவது?

அரசலாறு:
அவசரத்துக்குச் சீட்டு, நாள்பட்ட நோய்க்கு இணைப்பு. காரைக்காலுக்கு ஒரு பக்கம் நாகை, மறு பக்கம் மயிலாடுதுறை. சிறுநீரக நோயாளி இங்கே டயாலிசிஸ், அங்கே லேப் என்று இரண்டு அரசாங்கத்தின் மென்பொருளுக்கு நடுவே நடக்கிறார். புதுச்சேரி மென்பொருளும் தமிழ்நாட்டு மருத்துவமனை மென்பொருளான எச்எம்ஐஎஸ்ஸும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டுப் பேசிக்கொள்ளக் காத்திருக்க முடியாது. இரண்டும் ஒரே தரத்தில் ஆபாவோடு பேசினால் போதும்.

குடமுருட்டி:
சரி, நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் இவற்றுக்கான லேப் எண்கள் இணையட்டும், அதுவும் எண்ணாக. எச்ஐவி, மனநலம், கருக்கலைப்பு இருக்கிற எந்தப் பதிவையும் நோயாளி தானாகக் கேட்காத வரை இணைக்கவே கூடாது. இணைத்த பிறகு மறைக்கலாம் என்று சொல்லாதீர்கள். பட்டியலில் ஆஸ்பத்திரி பெயரும் தேதியும் தெரிந்தாலே வீட்டில் கேள்வி வந்துவிடும். சம்மதம் கேட்பதை வார்டில் கேளுங்கள், கவுன்ட்டரில் வேண்டாம். கூட வந்தவரை ஐந்து நிமிடம் வெளியே உட்கார வைத்துவிட்டு, தமிழில் படித்துக் காட்டிக் கேளுங்கள். கவுன்ட்டரில் ஊழியரே போனை வாங்கித் தட்டுவதைச் சம்மதம் என்று நான் ஏற்க மாட்டேன்.

வெண்ணாறு:
அந்த ஐந்து நிமிடத்துக்கு ஆள் வேண்டும் டாக்டர். ஆன்டிநேட்டல், அதாவது கர்ப்பிணிப் பரிசோதனை நாளில் வரிசை வாசல் வரை நிற்கும்.

குடமுருட்டி:
ஆள் இல்லையென்றால் அன்றைக்கு இணைக்காதீர்கள். ரத்த வகையும் ஆன்டி-டி தேதியும் அட்டையில் சிவப்பு மையில் இருக்கட்டும். அது உங்கள் முதல் கவலைக்குப் போதும்.

ஓடம்போக்கி:
ரத்த வகையை மட்டும் நான் அட்டையிலிருந்து நம்ப மாட்டேன், யார் எழுதியிருந்தாலும், ஆபாவில் வந்திருந்தாலும். ரத்தம் ஏற்றும் முன் புது மாதிரி எடுத்து மறுபடி வகை பார்த்து, ஏற்றும் ரத்தம் நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று கிராஸ்மேட்ச் செய்துதான் கொடுப்போம்.