இலங்கை மலையகத்திலும் தமிழ்நாட்டிலும் இருக்கும் உறவினர்களின் ‘கண்டிச்சீமைச் சொந்தங்கள்’ குழுவில் ஒரு தை மாதக் காலை

பெரியப்பா (கோவில்பட்டி), 6.42: மேட்டில் பருத்தி முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. பள்ளத்தில் இடுப்பளவு. ஒரே நாள் விதைப்பு, ஒரே உரம். கடைக்காரன் கலப்பட விதையைக் கொடுத்துவிட்டான்.

கலா (பேராதனை), 6.50: ஒரே பை விதைதானே பெரியப்பா? கலப்படம் மேட்டுக்கு மட்டும் எப்படி ஏறியது?

ராஜு மாமா (அட்டன்), 6.51: 😂 என் அக்கா மகளை வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்க வேண்டும், மச்சான்.

கலா, 6.53: மேட்டில் தோண்டிப் பார்த்தீர்களா?

பெரியப்பா, 7.20: ஒரு அடியில் சுண்ணாம்புக்கல் தட்டுகிறது. பள்ளத்தில் நாலு அடிக்கும் கரிசல்.

கலா, 7.26: அப்படியென்றால் விதையைத் திட்டாதீர்கள். ஆழக் கரிசல் ஐப்பசி மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் செடிக்குக் கொடுக்கும். ஒரு அடி மண்ணில் எவ்வளவு தங்கும்? காய் பிடிக்கிற நேரத்தில் ஈரம் தீர்ந்து மொட்டு உதிர்ந்துவிடும். பள்ளத்தையும் நம்பிவிடாதீர்கள். அங்கே யூரியா கூடினால் இலைதான் தழைக்கும், காய் பிந்தும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் வந்து சேரும்.

அத்தை (தலவாக்கலை), 7.40: அண்ணன், நம் தோட்டத்திலும் இதே கதைதான். வறட்சி வந்தால் வீ.பி. தேயிலை, அதுதான் குச்சி வெட்டி நட்டு வளர்த்தது, முதலில் வாடும். வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலைக்கு ஆணிவேர் உண்டு, அசையாது. ஆனால் கொழுந்து குறைவு. நிறுவையில் நான் வாங்கிய ஏச்சு எனக்குத்தான் தெரியும்!

பெரியப்பா, 7.48: அடுத்த முறை மேட்டில் என்ன போடுவது?

கலா, 7.52: வீரிய ஒட்டு வேண்டாம். கருங்கண்ணி நாட்டுப் பருத்தியை நெருக்கி விதையுங்கள், வறட்சி தாங்கும்.

பெரியப்பா, 7.55: இழை குட்டை என்று விலையைக் குறைப்பார்களே?

கலா, 7.57: குறைப்பார்கள்தான். செலவும் குறைவு. மனம் ஒப்பவில்லை என்றால் மேட்டுக்குக் கம்பு போடுங்கள்.

ராஜு மாமா, 8.05: லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நானும் ஒரு பருத்திச் செடி வைத்தேன். நாலு காய், நாலும் பனியில் நனைந்து கறுத்துவிட்டன.

கலா, 8.08: பருத்திக்கு வெயில் வேண்டும், மாமா. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், அதன் பி.எச். (அமில-கார அளவு) 4.5 முதல் 5.5 வரை. பருத்தி 6க்குக் கீழே முகம் சுளிக்கும்.

அத்தை, 8.10: 1972இல் இந்தியாவுக்குக் கப்பலேறும்போது அண்ணன் ஒரு பிடி தோட்டத்து மண்ணை முடிந்துகொண்டு போனது. அதை எங்கே போட்டது?

பெரியப்பா, 8.19: முருங்கை மரத்தடியில். கலா, மண் பரிசோதனைக்கு இரண்டு பை போதுமா?

கலா, 8.20: மூன்று. நடுச்சரிவை விட்டுவிடாதீர்கள். வரப்போரமும் எருக்குழிப் பக்கமும் எடுக்க வேண்டாம்.