இசிஓ (பொறியியல் மாற்ற ஆணை) ஒப்புதல் ஆகியும் உற்பத்தித் தளத்தில் பழைய பாகமே ஓடுகிறது, எங்கே பிசகு?

திட்டமிடல்_மேசை:
வணக்கம். பம்ப் அசெம்பிளி யூனிட்டில் உற்பத்தித் திட்டமிடல் பார்க்கிறேன். மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட்டில் எம்6 போல்ட்டுக்கு இருந்த 6.6 மி.மீ துளையை எம்8 போடுவதற்காக 9 மி.மீ ஆக்கச் சொல்லி டிசைனிலிருந்து இசிஆர் (பொறியியல் மாற்றக் கோரிக்கை) வந்தது. டிசைன், குவாலிட்டி, பர்ச்சேஸ் எல்லோரும் ஈஆர்பி (நிறுவன மேலாண்மை) மென்பொருளிலேயே ஒப்புதல் கொடுத்தார்கள், இசிஓ ஆனது, பிஓஎம்மும் (பாகப் பட்டியல்) மாறிவிட்டது. ஆனால் தளத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒர்க் ஆர்டர்களுக்கு ஸ்டோரிலிருந்து புது பிராக்கெட்டும் பழைய எம்6 போல்ட்டும் சேர்ந்து போயிருக்கின்றன. பாக எண் அதேதான், ரிவிஷன் மட்டும் ஏ-யிலிருந்து பி ஆகியிருக்கிறது. இதை மென்பொருளிலேயே தடுக்க வழி இருக்கிறதா, இல்லை நாங்கள் வேலை செய்யும் முறையே தப்பா?

பிஓஎம்_காவலன்:
முதல் கோளாறு பாக எண்ணில்தான். வடிவம், பொருத்தம், செயல்பாடு இந்த மூன்றில் எது மாறினாலும் ரிவிஷனை ஏற்றினால் போதாது, புது எண் போட வேண்டும். பழையதும் புதியதும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்து, கையில் வந்ததை எடுத்து மாட்டினாலும் வேலை நடக்குமா என்று கேட்டுப் பாருங்கள். 9 மி.மீ துளையில் எம்6 போல்ட் ஆடும், 6.6 துளையில் எம்8 நுழையவே நுழையாது. அப்படியிருக்க ஒரே எண் எப்படிச் சரியாகும்? பெரும்பாலான ஈஆர்பிகளில் இருப்புக் கணக்கு பாக எண்ணை வைத்துத்தான் ஓடும், ரிவிஷன் வாரியாக இருப்பைப் பிரித்துக் காட்ட தனியாக ஏற்பாடு செய்தால்தான் உண்டு. ஸ்டோர்காரரைக் குறை சொல்லாதீர்கள், அவர் திரையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

ஸ்பேர் பக்கத்தையும் யோசியுங்கள். பழைய பம்ப் வைத்திருப்பவர் நாளைக்கு அந்த எண்ணைச் சொல்லி பிராக்கெட் கேட்டால் எதை அனுப்புவீர்கள்?

ஷாப்ஃப்ளோர்_சிஸ்டம்ஸ்:
மேலே சொன்னது சரி. ஆனால் புது எண் போட்டாலும் நடப்பு ஆர்டர்கள் தானாகத் திருந்தாது. எஸ்ஏபி என்ற ஈஆர்பியை எடுத்துக்கொண்டால், உற்பத்தி ஆர்டர் உருவாகும்போதே பிஓஎம் அதற்குள் நகலாகிவிடும், அதன்பிறகு மூல பிஓஎம்மில் என்ன மாற்றினாலும் அந்த ஆர்டருக்குத் தெரியாது. மாஸ்டர் டேட்டாவை மறுபடி படிக்கச் சொல்ல வேண்டும், பொருள் எடுத்தாகிவிட்டது என்றால் அதுவும் சிக்கல். வேறு பல ஈஆர்பிகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஆகவே இசிஓ அமலாகும் நாளில், அந்தப் பாகம் உள்ள திறந்த ஆர்டர்களை எல்லாம் பட்டியல் எடுத்து, எது பழையதிலேயே முடியட்டும், எது மாறட்டும் என்று ஒரு ஆள் உட்கார்ந்து பிரித்தே ஆக வேண்டும். மென்பொருள் பட்டியல் தரும், முடிவு தராது.

அப்புறம் அமல் தேதி. தேதி மட்டும் வைத்தால் சப்ளையர் தாமதித்தாலும் அந்தத் தேதி வந்ததும் எம்ஆர்பி (பொருள் தேவைத் திட்டமிடல்) புதியதையே கேட்கும், பழைய இருப்பு சும்மா கிடக்கும், லைன் நிற்கும். உங்கள் விஷயத்தில் இன்ன சீரியல் எண்ணிலிருந்து புதியது என்று வைப்பது நல்லது, எந்த பம்பில் எந்த போல்ட் என்று பிற்பாடு சர்வீஸ்காரருக்கும் தெரியும். பிராக்கெட், போல்ட், வாஷர் மூன்றும் ஒரே இசிஓவில் ஒரே புள்ளியில் மாற வேண்டும். இப்போது கலந்துபோனதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

குவாலிட்டி_டெஸ்க்:
ஒப்புதல் ஆனதும் இசிஓ முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தரும் விஷயம். ஒப்புதல், வெளியீடு, அமல் முடிந்தது என மூன்று நிலைகளைத் தனித்தனியாக வையுங்கள். டிரில் ஜிக் (துளையிட வழிகாட்டும் சாதனம்) மாறியதா, ஆய்வுத் தாளில் 9 மி.மீ ஏறியதா, லைனில் ஒட்டியிருக்கும் பழைய வரைபடத்தைக் கிழித்தாகிவிட்டதா, வழியில் வந்துகொண்டிருக்கும் பர்ச்சேஸ் ஆர்டருக்கு என்ன கதி, இவை முடியாமல் மூன்றாவது நிலைக்குப் போகவே முடியாதபடி பூட்டுப் போடுங்கள். ஐஎஸ்ஓ 9001:2015-இல் 8.5.6 பிரிவும் மாற்றத்தைப் பரிசீலித்ததன் முடிவு, அதை அனுமதித்தவர், அதனால் எடுக்க வேண்டிய நடவடிக்கை ஆகியவற்றுக்குப் பதிவு கேட்கிறது. வெறும் கையெழுத்து மட்டும் போதாது.

பழைய இருப்பை அப்படியே பயன்படுத்துவதா, மறுவேலையா, ஸ்கிராப்பா, திருப்பி அனுப்புவதா என்பதை இசிஆர் கட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

திட்டமிடல்_மேசை:
மூவருக்கும் நன்றி. போல்ட்டுக்கான இசிஓ தனியாகத்தான் போயிருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். ஒரு சந்தேகம்: பழைய பிராக்கெட்டில் 9 மி.மீ டிரில் ஓட்டினால் புதியது ஆகிவிடும். இருப்பில் இருப்பதை அப்படி மாற்றலாமா?

பிஓஎம்_காவலன்:
ஓரத்துக்கும் துளைக்கும் உள்ள இடைவெளி போதும் என்று டிசைன் சொன்னால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் மறுவேலை ஆர்டர் போட்டு, பழைய எண்ணை உள்ளே கொடுத்து புது எண்ணை வெளியே எடுங்கள். பூச்சு போட்ட பாகம் என்றால் துளைக்குள் வெறும் இரும்பு தெரியும், அதைக் குவாலிட்டியிடம் கேட்டுவிட்டு ஓட்டுங்கள். ஸ்பேருக்குக் கொஞ்சம் பழையதை எடுத்து வைக்கவும் மறக்காதீர்கள்.