அடுப்பு அனுப்பும் முன் விறகுக் கணக்கு எடுப்பது எப்படி?

பிறை_வாசகி:
வணக்கம். பினாங்கில் சில குடும்பங்கள் சேர்ந்து, சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் பாட்டன் காலத்து ஊருக்கு நல்ல விறகடுப்பு செய்து கொடுக்க நினைக்கிறோம். ஊரில் சுமார் 60 வீடு, விறகு பெரும்பாலும் சீமைக்கருவேலம். பல வீடுகளில் காஸ் உண்டு. ஆனாலும் சோறு வடிப்பதும் வெந்நீர் போடுவதும் விறகில்தான். இங்கே பிறை நகரில் ஒரு பட்டறையில் இரும்புத் தகட்டில் ராக்கெட் அடுப்பு (சிறு வாயில் விறகைத் தள்ளி, உயரமான உள்ளறையில் எரிக்கும் அடுப்பு) அடித்து கொண்டெய்னரில் அனுப்பலாம் என்று ஒரு யோசனை. அதற்கு முன்னால், ஒரு வீடு நாளைக்கு எத்தனை கிலோ எரிக்கிறது என்று தெரிய வேண்டும். கேட்டால் "ஒரு கட்டு, ரெண்டு கட்டு" என்கிறார்கள். விறகுக்குப் பதில் கரி கொடுத்தால் என்ன என்றும் ஒருவர் கேட்கிறார்.

செந்தூல்_தராசு:
கட்டுக் கணக்கை விட்டுவிடுங்கள் அக்கா. ஆளுக்கு ஆள், வீட்டுக்கு வீடு கட்டின் எடை மாறும். 50 கிலோ தாங்கும் தொங்கு தராசு ஒன்று போதும்.

முதல் நாள் வீட்டுக்காரர் தாராளமாக ஒரு குவியல் விறகை ஒதுக்கட்டும். அதை எடை போட்டு, "இதிலிருந்து மட்டும் எடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில் போய் மீதியை நிறுக்க வேண்டும். புதிதாகச் சேர்த்தால் அதையும் நிறுத்துத்தான் சேர்க்க வேண்டும். குறைந்தது மூன்று நாள். பொங்கல், காதுகுத்து, கோயில் கொடை வரும் வாரம் வேண்டாம். நெல் அவிப்பது, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சுவது, குளிக்க வெந்நீர் போடுவது எல்லாம் தனியாகக் குறிக்கணும். இல்லையென்றால் சமையல் கணக்கே கெட்டுவிடும்.

சாப்பிடுபவர்களை எண்ணும்போது 15 முதல் 59 வயது வரை ஆணுக்கு 1, அதற்கு மேற்பட்ட ஆணுக்கு 0.8, 14 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு 0.8, பிள்ளைகளுக்கு 0.5 என்பது வழக்கம். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் என்றால் 3.6 ஆள். மூன்று நாளில் 21.6 கிலோ போனால் நாளைக்கு 7.2, ஆளுக்கு 2 கிலோ.

எல்லாரும் கோட்டை விடுவது ஈரத்தில்தான். 40 விழுக்காடு தண்ணீர் உள்ள 80 கிலோ விறகில் உலர் கட்டை 48 கிலோ. 20 விழுக்காடு தண்ணீர் என்றால் அதே 48 கிலோ, 60 கிலோ விறகிலேயே கிடைத்துவிடும். நவம்பர் மழையில் பழைய அடுப்பை அளந்து, ஏப்ரல் வெயிலில் புது அடுப்பை அளந்தால், அடுப்பே மாற்றாமல் 25 விழுக்காடு மிச்சம் என்று தாளில் வரும்! ஆகவே ஒவ்வொரு எடையோடும் ஈரம் குறிக்க வேண்டும். இரண்டு ஊசி உள்ள ஈரமானி போதும். கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உள்முகத்தில் குத்துங்கள். வெளிப்பட்டை எப்போதும் காய்ந்த மாதிரிதான் காட்டும். மானி காட்டுவது, தண்ணீர் நீங்கிய உலர் கட்டையின் எடைக்கான விழுக்காடு. அதில் 25 என்றால், விறகின் மொத்த எடையில் 20 (25 ÷ 125). 30-க்கு மேல் காட்டினால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

20, 25 வீடு போதும். ஆனால் அடுப்பு மாற்றும் முன்னும் பின்னும் அதே வீடுகளை அளக்க வேண்டும். ஆள் வந்து நிறுக்கிறார் என்றாலே சிக்கனமாக எரிப்பார்கள், அதனால் முதல் நாள் எண்ணைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

பட்டர்வொர்த்_பட்டறை:
கொண்டெய்னர் யோசனை வேண்டாம். சாதாரண இரும்புத் தகடு ராக்கெட் அடுப்பின் உள்சூட்டில் செதில் செதிலாக உதிரும், தினமும் எரித்தால் சீக்கிரமே ஓட்டை விழும். உள்ளறையை அங்கேயே குயவரிடம் செய்யச் சொல்லுங்கள். களிமண்ணோடு உமி பிசைந்து சுட்டால், உமி எரிந்து போய்ச் சிறு துளைகள் நிற்கும். சூட்டை உறிஞ்சாமல் தடுப்பது அந்தத் துளைகள்தான். சுற்றிலும் சலித்த உலர் சாம்பல் அடைக்கலாம். மணலோ கெட்டி மண்ணோ வைத்தால் அதுவே அடுப்பின் சூட்டைக் குடித்துவிடும்.

விறகு வாய் 10 சென்டிமீட்டர், உள்ளறை உயரம் அதைப்போல் மூன்று மடங்கு. வாயில் ஒரு தட்டு வைத்து, விறகு தட்டின் மேல், காற்று தட்டின் கீழ். கீழேயும் விறகைத் திணித்தால் புகைதான் வரும்.

இனி முக்கியமானது. சீமைக்கருவேலத் தூரைப் பிளப்பது லேசான வேலை இல்லை. பழைய அடுப்பில் முழுக்கட்டையைத் தள்ளித் தள்ளி எரிப்பார்கள், 10 சென்டிமீட்டர் வாயில் அது நுழையாது. பிளக்கும் வேலை வீட்டுப் பெண்கள் தலையில் விழும், ஒரே மாதத்தில் அடுப்பு கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் கிடக்கும். அடுப்போடு நல்ல கோடாலியும் ஆப்பும் கொடுங்கள். களி கிண்டும்போது இரண்டு கையாலும் அழுத்துவார்கள், அடுப்பு ஆடினால் கொதிக்கிற களி காலில் விழும். எனவே தரையோடு பூசிய அடுப்புதான் நல்லது. கொடியடுப்பு (ஒரே தீயில் பக்கத்துப் பானையும் சூடாகும் இரட்டை அடுப்பு) இருந்த வீட்டுக்கு ஒற்றை அடுப்பு கொடுத்தால், குழம்புக்குப் பக்கத்தில் இன்னொரு மூன்று கல் முளைக்கும். அப்புறம் மிச்சம் எங்கே?

பிறை_வாசகி:
நன்றி அண்ணே. இருக்கிற மண் அடுப்பிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

பட்டர்வொர்த்_பட்டறை:
முடியும். பானை உட்காரும் குமிழ்களைப் பாருங்கள். உயரமாக இருந்தால் தீ பக்கவாட்டில் ஓடிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு இறக்குங்கள். அதற்கும் கீழே போனால் தீ மூச்சு முட்டி வாய் வழியாகப் புகை திரும்பும். அப்போது மண் அப்பி உயர்த்த வேண்டியதுதான்.

செந்தூல்_தராசு:
கரி வேண்டாம். இங்கே பேராக்கில், நம் கோலா செப்பத்தாங் கரிச் சூளைகளுக்குப் பின்னால் மாத்தாங் சதுப்புக்காடு 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி நட்டுப் பராமரிக்கப்படுகிறது. அதை வைத்து ஊரில் கணக்குப் போட முடியாது. மண் மூட்டத்தில் (விறகைக் குவித்து மண்ணால் மூடிக் கரியாக்கும் சூளையில்) ஒரு கிலோ கரிக்கு நான்கைந்து கிலோ விறகு போகும், பாதிக்கு மேல் வெப்பம் சூளையிலேயே போய்விடும். மூடிய அறையில் கரி எரித்தால் கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயு வேறு.

விறகு மிச்சமானால் புகையும் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குள் எரிபொருள் புகையால் 2020-இல் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்பு நன்றாக எரிந்தாலும் புகை வெளியேற வழி வேண்டும். இந்தியாவில் 1980-களில் அரசு கொடுத்த புகைக்குழாய் அடுப்புகள் நிறைய வீடுகளில் நிலைக்கவில்லை, புகைக்கரி படிந்த குழாயை யார் சுத்தம் செய்வது என்று ஏற்பாடு இல்லாததும் ஒரு காரணம். குழாய் வைத்தால் அடியில் திறக்கும் மூடியும், தேய்க்க ஒரு குச்சித் தூரிகையும் சேர்த்தே கொடுங்கள். கூரை வீட்டில் குழாய் கீற்றைத் தொடாமல் தகரச் சட்டம் போட்டு விலக்கணும்.

முதல் பணத்தை விறகுக் கொட்டகைக்குப் போடுங்கள். நாலு கம்பு, மேலே தகரம், பக்கம் திறந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அடுக்கு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், செப்டம்பருக்குள் பிளந்து அடுக்கியிருக்க வேண்டும்.